பின்னால் நின்றவள்

அவள் என்றே எழுதுகிறேன். தங்கச்சி என்று கூப்பிட்டுப் பழகிய வாய்க்கு 'அவர்' என்று மரியாதை வைத்தால் வேறு யாரைப் பற்றியோ சொல்வது போல இருக்கிறது. பெயரையும் எழுதப் போவதில்லை. அவளைக் கேட்காமல் நான் எடுத்துக்கொண்டது ஏற்கெனவே போதும்.

விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறைகள் இருக்கும் பேட்டைக்குள் ஒரு பொம்மை யூனிட்டில் நாங்கள் இரண்டு பேரும் வேலை பார்த்தோம். இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் இருக்கும். மேஸ்திரி கையில் மட்டும்தான் செல்போன் இருந்தது. பிள்ளையார், வாத்து, நாய்க்குட்டி, ஆரஞ்சுப் பழம் இவையெல்லாம் அங்கே அச்சில் பிறக்கும். எனக்குச் சூளை வேலை. காய்ந்த பொம்மைகளை உள்ளே அடுக்க வேண்டும், வெந்த பிறகு இறக்க வேண்டும். அவளுக்கு வழிக்கும் வேலை. அச்சிலிருந்து எடுத்த பொம்மையின் நடுவில் இரண்டு பாதியும் சேர்ந்த கோடு ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். அதைப் பிளேடால் வழித்து, ஈரப் பஞ்சால் துடைத்து, எந்த இடத்தில் சேர்ந்தது என்றே தெரியாமல் செய்து வைப்பாள். வேகம் கிடையாது. மேஸ்திரி கத்திக்கொண்டே இருப்பார். ஆனால் அவள் கையில் உடைந்த பொம்மையை நான் பார்த்ததில்லை.

கல்லூரியில் படிக்கும்போது பேஸ்பால் ஆடினவள். எந்த ஊருக்காக ஆடினாய், ஜெயித்தாயா என்று கேட்டால், "ஆடுனேண்ணே" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். கல்யாணமாகி எங்கள் ஊருக்கு வந்தாள். புருஷனுக்கு லாரி ஓட்டும் வேலை, வீட்டில் இருக்கும் நாள் குறைவு. பிள்ளை இல்லை. இவ்வளவுதான் எனக்குத் தெரியும். இதற்கு மேல் கேட்கும் அளவுக்கு அப்போது எனக்கு அக்கறையும் இல்லை.

நாலரை மணிக்கு ஸ்கூல் விட்டதும் வேலையாட்களின் பிள்ளைகள் பேட்டைக்கே வந்துவிடும். ஆறு மணிக்குத்தான் எங்களை விடுவார்கள். அதுவரை பிள்ளைகள் உடைசல் மேட்டில் ஏறி விளையாடி, காலைக் கிழித்துக்கொண்டு வந்து நிற்கும். அவள்தான் முதலாளியிடம் கேட்டு, கொஞ்சம் முன்னதாக வேலையை முடித்துக்கொண்டு, ரயில் பாதைப் பக்கம் கிடந்த காலி இடத்துக்கு அதுகளைக் கூட்டிப் போனாள். ஆறு வயதிலிருந்து எட்டு வயது வரை பத்துப் பன்னிரண்டு உருப்படிகள். என் மகளும் அதில் ஒருத்தி. அதுகளுக்கெல்லாம் அவள் 'அக்கா'.

பேஸ்பால் என்றதும் மட்டை எங்கே என்றுதான் நாங்கள் கேட்டோம். அவள் மட்டையைக் கண்ணில் காட்டவே இல்லை. முதல் மாதம் பந்தும் இல்லை. காலை அகட்டி, முட்டியை மடித்து, பின்பக்கத்தைத் தாழ்த்தி, இடது கையைத் தரையோடு வைத்து, வலது கையை அதற்கு மேலே திறந்த மூடி மாதிரி பிடிக்க வேண்டும். அவள் கை தட்டியதும் மூடியைச் சாத்தி, வராத பந்தை வயிற்றோடு அணைத்துக்கொள்ள வேண்டும். இது ஒன்றுதான் பாடம். டீ குடிக்க வெளியே வரும் நாங்கள் எல்லோரும் நின்று வேடிக்கை பார்ப்போம்.

"என்ன தங்கச்சி, புள்ளைங்கள நாத்து நட வுடறியா?" என்று கேட்டேன்.

"ஆமாண்ணே. கம்மாபுரத்துலேர்ந்து வர்ற ரெண்டும் பாருங்க, அதுங்களுக்கு நான் சொல்லியே தரல. அவங்க அம்மா நடறதப் பாத்துருக்குதுங்க. இடுப்பு தானா எறங்குது."

கேலிக்குக் கோபப்படவும் தெரியாது. கேலி என்று அவளுக்குப் புரிந்ததா என்பதே எனக்குச் சந்தேகம்.

பிறகு பந்து வந்தது. தரையோடு உருட்டி விடுவாள், பிள்ளைகள் குனிந்து எடுக்கும், பாதி காலிடுக்கில் போய்விடும். இந்த இடத்தில்தான் அவள் மற்றவர்கள் மாதிரி இல்லை. விட்ட பிள்ளையை அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். "பின்னாடி யாரு?" என்பாள். பந்தை விடுவது தப்பே இல்லை, எல்லாரும் விடுவார்கள், விடுகிறவனுக்குப் பின்னால் ஆள் இல்லாமல் போனால்தான் தப்பு என்பது அவள் கட்சி. அதனால் ஒருத்தி குனியும்போதே அவளுக்குப் பின்னால் இன்னொருத்தன் ஓடி வந்து நிற்க வேண்டும். அவனுக்குப் பின்னால் இன்னொருத்தி. கடைசிப் பிள்ளைக்குப் பின்னால் அவளே நிற்பாள். அதையும் தாண்டிப் போன பந்தை எடுக்கக் கருவேல முள்ளுக்குள் சுடிதாரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நுழைவாள்.

ஒருமுறை பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூட அணியோடு ஆடப் போனார்கள், நானும் கூடப் போனேன். எதிரில் நின்றதெல்லாம் பெரிய பிள்ளைகள். எங்கள் பிள்ளைகளுக்கு அடிக்கவே தெரியாது, படுதோல்வி. ஆனால் அந்தப் பள்ளி வாத்தியார் ஆட்டம் பாதி போனதும் சிரிப்பை நிறுத்திவிட்டார். அடித்த பந்தை ஒருத்தி விட்டால் பின்னால் ஒருவன், அவனும் விட்டால் பின்னால் ஒருத்தி. எங்கே அடித்தாலும் மூன்றாவது கையில் போய் நின்றது. திரும்பி வரும்போது பஸ்ஸில் பிள்ளைகள் ஜெயித்தது போலக் கத்திக்கொண்டு வந்தன, நானும் சேர்ந்து கத்தினேன்.

இந்தக் குணம் மைதானத்தோடு நிற்கவில்லை. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் பலகையோடு பிள்ளையார்களைக் கீழே போட்டுவிட்டது. பன்னிரண்டும் தூள். மேஸ்திரி வருவதற்குள் இவள் எழுந்து, "பலகைய நான்தான் சார் சாச்சி வச்சிட்டேன்" என்றாள். ஒரு வாரம் அவளைத் தனியாக உட்காரவைத்து வாத்து மூக்கு மட்டும் வழிக்கச் சொன்னார்கள். எனக்கு எரிச்சல்.

"ஏம்மா, எல்லாத்தையும் நீயே ஏத்துக்கிட்டா அந்தப் புள்ள எப்பதான் கத்துக்கும்?"

"அது வுழுந்த சத்தத்துலயே கத்துக்கிடுச்சேண்ணே. அப்புறமும் ஏன் திட்டு வாங்கணும்?"

நல்ல குணம்தானே என்று தோன்றலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்த நல்ல குணத்தின் கீழே ஒரு மனிதன் நசுங்கிப் போகலாம் என்று அப்போது தெரியவில்லை.

மேலிருந்து வரும் பந்துதான் பிள்ளைகளுக்கு வராமல் இருந்தது. அண்ணாந்து பார்த்ததும் பயம். பயந்த கை விறைத்துக்கொள்ளும், பந்து பட்டுத் தெறிக்கும். அதற்கு அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். அச்சிலிருந்து எடுத்துக் காயவைத்த ஆரஞ்சுப் பழங்களில் விரிசல் விட்டதைச் சூளையில் ஏற்ற மாட்டோம். உள்ளே வெற்றிடம், மேலே மெல்லிய மண் ஓடு. வேகாத அந்தப் பச்சைப் பழங்களைக் கேட்டு வாங்கினாள். அதை மேலே எறிந்து பிடிக்கச் சொன்னாள். கை முன்னே போய் மோதினால் பழம் மண்ணாகிவிடும். பழம் வரும் போக்கிலேயே கையைத் தாழ்த்தி வாங்கினால் முழுசாக இருக்கும். முகத்தில் விழுந்தாலும் பொத்தென்று உடைந்து மாவாகக் கொட்டும். வெள்ளை மூஞ்சியோடு பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். உடைந்த மண்ணைப் பெருக்கி வாளியில் அள்ளி, மண் கூழ்த் தொட்டியில் கொட்டிவிடுவாள். அடுத்த வாரம் அதே மண் வாத்தாக வந்து நிற்கும். முதலாளிக்கும் நஷ்டமில்லை.

தினமும் நாலே முக்காலுக்கு விரிசல் விட்ட பச்சைப் பழங்களை மரப்பெட்டியில் எடுத்துப் போய் அவளிடம் கொடுப்பது என் வேலை. பச்சைப் பழமும் ஒரு தடவை வெந்த பழமும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதான். சாயம் ஏற்றாத வரை இரண்டும் வெளுத்துக் கிடக்கும். நகத்தால் கீறினால் பச்சையில் கோடு விழும், வெந்ததில் விழாது. ஆரம்பத்தில் ஒவ்வொரு பழத்தையும் அவள் நகத்தால் கீறிப் பார்த்துத்தான் எறிவாள். பிறகு ஒருநாள், "நீங்க கொண்டாந்தா நான் பாக்க வேணாம்ணே" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த வார்த்தையை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னாலும் நான் அதற்குத் தகுதியாக இருந்திருக்கலாம்.

அன்று மதியம் சூளை திறந்தோம். இறக்கும்போது ஒரு ஆரஞ்சுப் பழத்தில் மயிரிழை விரிசல். வெந்ததில் விரிசல் என்றால் உடைசல் மேட்டுக்குத்தான் போகும். மகள் பெயின்ட் அடிக்க ஆகுமே என்று நான் எடுத்துவைத்தேன். சட்டைப் பையில் கொள்ளவில்லை. எப்படியும் மைதானத்துக்குப் போகப் போகிற பெட்டிதானே, அங்கேயே மகளிடம் எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று பச்சைப் பழங்களோடு ஒரு மூலையில் வைத்தேன். நாலே முக்காலுக்குக் கரண்ட் போனது. மேஸ்திரி கூப்பிட்டார். நான் பெட்டியை ஓட்டமாகக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பினேன். இவ்வளவுதான் நடந்தது. எத்தனை முறை யோசித்தாலும் இதில் ஒரு பெரிய காரணம் கிடைக்கவில்லை. வெந்த பழத்தைத் தனியே எடுக்க மறந்துவிட்டேன், அவ்வளவுதான்.

பச்சைப் பழம் உடைந்தால் சூளைக் கொட்டகைக்குள் கேட்காது. அன்றைக்குக் கேட்டது, தட்டு உடைந்த சத்தம். அதற்கு முன்னால் என் மகள் "எனக்கு" என்று கத்தியதும் கேட்டது. பந்து வரும்போது 'எனக்கு' என்று முதலில் கத்துகிறவள்தான் பிடிக்க வேண்டும், மற்றவர்கள் ஒதுங்க வேண்டும் என்பது அவர்கள் ஏற்பாடு. சத்தம் கேட்ட நொடியிலேயே என்ன நடந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் ஓடிப் போனபோது அவள் பிள்ளையை மடியில் போட்டு, துப்பட்டாவால் கண்ணை மூடிப் பிடித்திருந்தாள். பழம் விரல் தப்பி நெற்றியில் பட்டு உடைந்து, சில்லு இடது கண்ணில் இறங்கியிருந்தது. கீழே கிடந்த ஒரு துண்டை அவள் எடுத்தாள். கட்டை விரல் நகத்தால் ஒரு கீறல் கீறினாள். பிறகு என்னைப் பார்த்தாள். அதில் கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். துண்டைக் கீழே போட்டுவிட்டாள்.

அதற்குள் பேட்டையே கூடிவிட்டது. என்ன ஆச்சு, எப்படி ஆச்சு என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள்.

"வெந்த பழத்த நான்தான் மாத்தி எடுத்தாந்துட்டேன்" என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு, "அண்ணன் குடுத்ததெல்லாம் பச்சதான்" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். பிள்ளை அலறிக்கொண்டிருந்தது, ஆட்டோ வந்து நின்றது, ஏறுங்க ஏறுங்க என்றார்கள். ஆட்டோவைச் சாக்காக வைத்துக்கொண்டு ஏறிவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்கு என் மனைவி ஓடி வந்தாள். வராந்தாவில் நின்றிருந்த தங்கச்சியைப் பார்த்ததும் சுற்றி நின்றவர்கள் பிடித்தும் நிற்கவில்லை. "ஒங்கையி வெளங்குமாடி? பெத்திருந்தா தெரியும் ஒனக்கு. ஊரான் வூட்டுப் புள்ளதானன்னு எறிஞ்சியா?" என்றாள். தங்கச்சி தலை குனிந்து நின்றாள். சுடிதாரில் என் மகளின் ரத்தம் காய்ந்திருந்தது. நான் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நின்றிருந்தேன். நான் எதுவும் சொல்லவில்லை. இந்த இடத்தை எத்தனை விதமாக எழுதிப் பார்த்தாலும் இந்த வரி மாறமாட்டேன் என்கிறது.

புதுச்சேரிக்குக் கொண்டுபோய் இரண்டு முறை ஆபரேஷன் செய்தோம். கண் இருக்கிறது. அதில் ஆள் வந்தால் நிழல் ஆடுவது மட்டும் தெரியும்.

பிள்ளைகள் பேட்டைக்குள் வரக் கூடாது என்று முதலாளி சொல்லிவிட்டார். அவள் நாலு நாள் வேலைக்கு வந்தாள். டீ நேரத்தில் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. நானும் உட்காரவில்லை. ஐந்தாம் நாள் சூளைக் கொட்டகைக்கு வந்தாள்.

"பாப்பாவுக்கு எப்புடிண்ணே இருக்குது?"

"பரவால்ல." கையிலிருந்த பலகையை இறக்கிவைத்துவிட்டு, "தங்கச்சி, நான் சொல்லிடறேன்" என்றேன். அந்த நிமிஷம் உண்மையாகவே சொல்லத்தான் நினைத்தேன்.

"சொல்லி என்னண்ணே ஆவப் போவுது? பாப்பா இனிமே ரோடு தாண்டணும்னாக்கூட ஒங்க கையப் புடிச்சிக்கிட்டுதான் தாண்டணும். அந்தக் கை மேல அதுக்கு பயம் வந்துடக் கூடாது. நான் யாரோ. போயிட்டா மறந்துடுவாங்க." பிளேடையும் பஞ்சையும் என் பக்கத்துத் திட்டில் வைத்தாள். "சேத்தியாத்தோப்புல எங்க அக்கா வூடு இருக்குது. போயிட்டு வரேன்."

எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கத்தோடு சொல்கிறேன், நிம்மதிதான். அவள் கேட்டைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அடுத்த பலகையை எடுத்து அடுக்கினேன். கோபம் பிறகுதான் வந்தது. யார் உன்னை வந்து நிற்கச் சொன்னது? நான் செய்ததை நானே ஏற்றுக்கொண்டிருந்தால் நாலு நாள் திட்டு வாங்கியிருப்பேன், மனைவி ஆறு மாதம் பேசாமல் இருந்திருப்பாள், ஒருநாள் முடிந்திருக்கும். நீ வந்து தாங்கிக்கொண்டதால் இது முடியவே மாட்டேன் என்கிறது. இப்படியெல்லாம் அவளோடு மனசுக்குள் சண்டை போட்டிருக்கிறேன். சண்டையில் ஒருமுறையும் அவள் பதில் சொன்னதில்லை.

பிள்ளைகள் ஆடிய காலி இடத்தில் முதலாளி பழைய அச்சுகளைக் கொட்டிவைத்தார். நாலரை மணிக்கு நான் அந்தப் பக்கம் பார்ப்பதை விட்டேன். பார்க்காவிட்டாலும் கை தட்டும் சத்தம் கேட்கும். கொட்டகையில் யாராவது பலகையைத் தட்டியிருப்பார்கள் என்று சொல்லிக்கொள்வேன். வீட்டில் எதைக் கையில் எடுத்தாலும் நகத்தால் கீறிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. டீ கிளாஸ், சுவர், மகளின் பென்சில் டப்பா. "எதுக்கு எல்லாத்தையும் சொரண்டுறீங்க?" என்று மனைவி கேட்பாள். வேலைப் பழக்கம் என்பேன்.

ஒரு வருஷம் கழித்துச் சேத்தியாத்தோப்புக்குப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி விசாரித்து அவள் அக்கா வீட்டைக் கண்டுபிடித்தேன். அவள் அங்கே இல்லை. புருஷனோடு வடக்கே எங்கேயோ போய்விட்டாளாம், தகவலே இல்லையாம்.

"இங்க இருந்த வரைக்கும் சரியா பேசவே இல்லைங்க. ரோட்டுல புள்ளைங்க பந்து ஆடுனா எந்திரிச்சி உள்ள போயிடும். என்ன நடந்துதுன்னு கேட்டா, என் கைத்தப்புன்னு சொல்லும். நீங்க யாருங்க?" என்றாள் அக்கா.

"கூட வேல செஞ்சவன்" என்றேன். அங்கேயும் அவ்வளவுதான் சொன்னேன். அந்த அம்மாள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன்.

மகளுக்குப் பதினொன்று நடந்தபோது பெரிய ஸ்கூலில் சேர்த்தோம். அங்கே பி.டி. டீச்சர் அவள் குனிந்து பந்தை எடுக்கும் அழகைப் பார்த்துவிட்டு, ஒரு கண் போதும், நான் ஆட வைக்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். இவள் மாட்டேன் என்று வந்துவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், நோட்டை வலது கண்ணுக்குப் பக்கமாகச் சாய்த்துப் பிடித்து எழுதிக்கொண்டிருந்தவளிடம் பேச்சுவாக்கில் கேட்டேன்.

"ஏம்மா ஆட மாட்டேங்கற? கண்ணுக்குப் பயமா?"

"கண்ணுக்கு இல்லப்பா."

"பின்ன?"

எழுதிக்கொண்டிருந்த வரியை முடித்தாள். பிறகு நோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அன்னைக்கு அந்தப் பழத்த நான் பெட்டிலயே பாத்துட்டேன்ப்பா. மூலைல இருந்துச்சி. மொத நாளு நான்தான ஒன்கிட்ட வெந்த பழம் கேட்டேன், பச்சையில பெயின்ட் ஊறுதுன்னு. அக்கா அத கையில எடுக்கும்போதே எனக்குத் தெரியும். அது வேணாம்கான்னு நான் சொல்லல. ஒடையாம புடிச்சிட்டா வூட்டுக்கு எடுத்தாந்துடலாம்னு நெனச்சேன். அதான் கத்துனேன். அக்காவ எல்லாரும் திட்டுனாங்க. என்னாலதான அக்கா போயிட்டாங்க."

மூன்று வருஷம். என் பக்கத்தில் படுத்துத் தூங்கி, என் கையைப் பிடித்து ரோடு தாண்டி, மூன்று வருஷமாக அந்தப் பிள்ளை இதைச் சுமந்திருக்கிறது. என் தப்பைத் தங்கச்சி எடுத்துக்கொண்டு போனதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது வீட்டுக்குள்ளேயே, இந்தச் சின்ன உடம்பில் இருந்திருக்கிறது.

"இல்லம்மா" என்றேன். "நீ ஒன்னும் பண்ணல. அக்காவும் ஒன்னும் பண்ணல. பெட்டில அத வச்சது அப்பா. எடுத்துக் குடுக்க மறந்ததும் அப்பா. அக்காவுக்கு அது தெரியும். தெரிஞ்சேதான் தன்னோடதுன்னு சொன்னாங்க."

அவள் நோட்டிலிருந்து முகத்தை எடுத்தாள். நல்ல கண்ணால் என்னை முழுசாகப் பார்ப்பதற்காகத் தலையைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்பினாள்.

"அப்ப ஆஸ்பத்திரில அம்மா அக்காவ அப்புடித் திட்டும்போது, நீ ஏம்ப்பா சும்மா இருந்த?"

சமையலறையில் தாளிக்கும் சத்தம் நின்றது. என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு, கையில் கரண்டியோடு நிலைப்படியில் வந்து நின்றாள். மகளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். நான் சொல்லப் போகும் பதிலுக்காக இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.